மந்திரம் கால், மதி முக்கால், வாளுக்கு ஒன்றுமில்லை

கருங்காட்டுப்புதூர்க்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிறக்கும்போது கிடைத்ததை அப்படியே செலவழிக்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரத்தில் நாச்சிமுத்துவின் எடைமேடை இருக்கிறது. லாரி வந்து இரும்பு மேடை மேல் நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நாச்சிமுத்து, “இன்னும் கொஞ்சம் முன்னால வா, போதும்” என்று ஒலிபெருக்கியில் சொல்லி, எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் லாரிகள் அதிகம் வருவதில்லை. அந்த நேரத்தில் நான்கு பேர் அங்கே கூடி அரக்கர்களைக் கொல்வார்கள்.

ஆட்டம் இதுதான். நாச்சிமுத்துவின் மச்சினன் சுகுமாரன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன் ஒரு தடித்த புத்தகத்தையும், இருபது முகம் கொண்ட ஒரு பகடையையும் விட்டுவிட்டுப் போனான். ஒருவர் கதை சொல்ல வேண்டும்: ஒரு குகை இருக்கிறது, உள்ளே ஓர் அரக்கன் இருக்கிறான் என்று. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, ‘நான் இப்போது இதைச் செய்கிறேன்’ என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடந்தது. சிறிதாக விழுந்தால் நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கு உண்டு; அது தீர்ந்தால் சாவு. வாழ்க்கையைவிட எவ்வளவோ தெளிவான ஏற்பாடு.

கதை சொல்பவர் நாச்சிமுத்து. தபால்காரர் ரங்கதுரைக்குத் திருடன் வேடம். இருபது வருட அரசாங்க உத்தியோகம் பழகிப்போனதால், எதைத் திருடினாலும் பறிகொடுத்தவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார். தேங்காய்க் களம் வைத்திருக்கும் ஆறுச்சாமி போர்வீரன். அவர் மனைவி கோகிலாமணி, நாச்சிமுத்துவுக்குச் சித்தப்பா மகள், மந்திரக்காரி.

வினையே அங்கேதான் இருந்தது.

புத்தகத்தில் போர்வீரனுக்கு ஒரு வாள், ஒரு கேடயம், அரைப் பக்கம். மந்திரக்காரிக்கு எண்பது பக்கம். கோகிலாமணி அந்த எண்பதையும் படித்துவிட்டாள். அரக்கனின் தலை தெரிந்ததும் “தீயுருண்டை” என்பாள். பகடை உருளும். அரக்கன் சாம்பலாவான். ஆறுச்சாமி அப்போதுதான் “வாளை உருவ” என்பதுவரை சொல்லியிருப்பார்.

ஏழு மாதத்தில் முப்பத்தோரு அரக்கர்கள். முப்பத்தொன்றும் கோகிலாமணி கொன்றது. ஒருமுறை ஆறுச்சாமி கேட்டுப் பார்த்தார்.

“மச்சான், அந்தச் சாம்பலையாவது ஒரு வெட்டு வெட்டிக்கட்டுமா?”

நாச்சிமுத்து புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “சாம்பலுக்கு உயிர்ப்புள்ளி இல்லீங்க மாப்ள.”

திங்கட்கிழமை காலையில் களத்தில் தேங்காய் உரிப்பவர்கள் கேட்பார்கள்: “மொதலாளி, நேத்து எத்தனை?”

“கோகிலா ரெண்டு.”

“நீங்க?”

“நான் கூட இருந்தேன்.”

ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரே ஓர் அரக்கன், சொந்தக் கையால். ஆவணி மாதத்து முதல் ஞாயிறு அன்று ஆறுச்சாமி வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“மச்சான், இன்னைக்கு ஒண்ணாவது என் கையால சாகோணும். இல்லீனா அடுத்த வாரத்துல இருந்து நான் வர்றதா இல்ல.”

“ஏனுங்க, நானா வேண்டாங்கறேன்? கொல்ல வேண்டியதுதானே” என்றாள் கோகிலாமணி.

“நீ விட்டாத்தானே.”

“அது என்னைப் பார்த்து ஓடி வருதுங்க. அந்தாளைப் பார்த்துட்டு அப்பறமா வான்னு திருப்பி அனுப்பவா?”

நாச்சிமுத்துவுக்குக் கவலை வந்துவிட்டது. சுகுமாரனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார். சுகுமாரன் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தான். பின்னால் ‘சாம்பார், சாம்பார்’ என்று கேட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவசரமாகச் சொன்னான்.

“மாமா, இது எல்லா எடத்துலயும் இருக்கற பிரச்சினைதான். மந்திரக்காரங்க கை ஓங்கிரும், வாள்காரங்க சும்மா நிப்பாங்க. புத்தகத்துல இருக்கறதை அப்படியே ஆடாதீங்க. வீட்டு விதி போட்டுக்குங்க. ரெண்டு பேரையும் பேலன்ஸ் பண்ணுங்க. சுருக்கமாச் சொன்னா, மந்திரம் கால், மதி முக்கால். ரசம் வந்துருச்சு, வெக்கறேன்.”

ரங்கதுரை அதை ஒரு காகிதத்தில் எழுதியிருந்தார். எழுதியதை எழுந்து நின்று வாசித்தார்.

“வீட்டு விதி. முற்றுப்புள்ளி. பேலன்ஸ். முற்றுப்புள்ளி. மந்திரம் கால், மதி முக்கால். முற்றுப்புள்ளி. ரசம் வந்துவிட்டது.”

“ரசமும் விதியில சேர்த்தியா?” என்றார் ஆறுச்சாமி.

“அனுப்புனவங்க சொன்னதுல நான் எதையும் விடறதில்லீங்க அண்ணா.”

முதலில் வீட்டு விதியை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டு விதி என்பதில் சிக்கல் வந்தது. எடைமேடை வீடல்ல. நாச்சிமுத்து தன் வீட்டு விதியைத் தர மனமில்லாமல் நெளிந்தார்.

“எங்க வீட்ல ஒரே விதிதான். இந்த ஆட்டத்தைப் பத்தி வீட்டுக்குள்ள மூச்சு விடக் கூடாது. கோகிலா, உங்க அண்ணி போட்டது. அதைப் போட்டா ஆட்டமே நடக்காது.”

“எனக்கு வாடகை வீடுங்க” என்றார் ரங்கதுரை. “செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அது ஒண்ணுதான்.”

ஆணி விதி உதவுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அரக்கர்கள் யாரும் இதுவரை ஆணி அடித்ததில்லை என்பதால் அதைத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் ஆறுச்சாமி வீடுதான்.

“உங்க வீட்ல விதி போடறது யாரு மாப்ள?”

ஆறுச்சாமி மனைவியைப் பார்த்தார். கோகிலாமணி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

மந்திரக்காரியின் கையைக் கட்டுவதற்கான விதியை மந்திரக்காரியே எழுதுகிறாள் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. நேர்மையான பெண். தன் வீட்டில் என்ன விதி இருந்ததோ அதை அப்படியே எழுதினாள். செருப்பை வாசலில் விட வேண்டும். வெளியே போய் வந்தால் கைகால் கழுவாமல் எதையும் தொடக் கூடாது. அடுப்பைப் பற்றவைத்தவர்தான் அணைக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, இரும்பு எதையும் வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஆறுச்சாமி வாங்கிப் படித்தார். அடுப்பு விதிக்கு வந்ததும் முகம் தெளிந்தது. “இது நல்ல விதி. தீயுருண்டை போட்டா அணைக்கற வேலையும் உனக்குத்தான். ஒண்ணுக்கு ரெண்டு தரம் யோசிப்ப.”

“வீட்ல அணைக்காமலா இருக்கேன்?” என்றாள் கோகிலாமணி.

அடுத்தது பேலன்ஸ். நாச்சிமுத்து எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “இதுக்கு மட்டும் நாம யாரையும் கேக்க வேண்டியதில்ல. இருபத்தஞ்சு வருசமா இதைத்தான் பண்றேன். மாப்ள, மேடை மேல ஏறுங்க.”

ஆறுச்சாமி மேடை நடுவில் போய் நின்றார். “இன்னும் கொஞ்சம் முன்னால வா, போதும்” என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்தக் கருவி பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நூற்றுப்பத்து காட்டியது. சீட்டில் வண்டி எண் என்ற இடத்தில் ஆறுச்சாமி என்று அடித்தார் நாச்சிமுத்து. சரக்கு என்ற இடத்தில் விரல் நின்றது.

“மாப்ள, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“அரிசியும்பருப்புஞ் சோறு.”

சரக்கு: அரிசி, பருப்பு என்று அடித்தார். “வெறும் வண்டி எடை எத்தனைன்னு போடறது?”

“அது நாளைக்குக் காலைலதான் தெரியும்” என்றார் ஆறுச்சாமி.

கோகிலாமணி ஐம்பது கிலோ. அறுபது கிலோ வித்தியாசம். இங்கே மறுபடியும் ஒரு சிக்கல்.

“சமம் பண்ணணும்னா கோகிலாவுக்கு அறுவது கிலோ ஏத்தணும்” என்றார் நாச்சிமுத்து.

“இப்பவே அவளைப் புடிக்க முடியல. அவளுக்கே இன்னும் ஏத்துனா நான் என்னாவறது?” என்றார் ஆறுச்சாமி.

ரங்கதுரை கையை உயர்த்தினார். “நான் ஒண்ணு சொல்றனுங்க. அண்ணா நூத்திப்பத்து கிலோ. ஏழு மாசத்துல ஒண்ணும் கொல்லல. அண்ணி அம்பது கிலோ. முப்பத்தொண்ணு கொன்னாச்சு. இதுல இருந்து என்ன தெரியுது? எடை கூடக் கூடக் கொல்றது கொறையுது. அண்ணிக்கு அறுவது கிலோ ஏத்திட்டா அவங்களும் ஒண்ணும் கொல்ல மாட்டாங்க. சமமாப் போயிரும்.”

யாராலும் மறுக்க முடியவில்லை. அதில் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கும் இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆறுச்சாமியின் வண்டியிலிருந்து ஒரு மூட்டைத் தேங்காயை இறக்கி, காய் கூட்டிக் குறைத்து அறுபது கிலோவாக்கி, கோகிலாமணியின் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். சமமான எடை கலைந்துவிடக் கூடாது என்பதால் ஆட்டமே மேடை மேல் நடக்க வேண்டும் என்று முடிவானது. மேசையும் மூன்று நாற்காலிகளும் வெளியே போயின. ஆறுச்சாமி ஒரு முறுக்கை எடுத்தால் கோகிலாமணியும் ஒன்று எடுத்தாக வேண்டும். அவளுக்கு முறுக்கு பிடிக்காது. ஆட்டத்தின் நன்மைக்காகத் தின்றாள்.

நாச்சிமுத்து மட்டும் எடையைக் கவனிக்க உள்ளே உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் கதையைச் சொன்னார். புறவழிச்சாலையில் போன இரண்டு மாட்டு வண்டிகளும் ஒரு பால் வேனும் அதைக் கேட்டுக்கொண்டே போயின.

“கவனிக்கவும். நீங்க மூணு பேரும் ஒரு குகை வாசல்ல நிக்கறீங்க. உள்ள ஒரே இருட்டு. ஏதோ உறுமுது.”

“செருப்பை வாசல்ல விடறேன்” என்றாள் கோகிலாமணி.

“நானும் விடறனுங்க” என்றார் ரங்கதுரை.

ஆறுச்சாமி கதைக்குள் முழங்கால்வரை இரும்புக் காலணி போட்டிருந்தார். அதற்கு மொத்தம் பதினெட்டு வார். ஒவ்வொரு வாருக்கும் ஒரு பகடை என்றார் நாச்சிமுத்து. அவர் வெறுங்காலோடு நிமிர்ந்தபோது பால் வேன் பால் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து கைகால் கழுவ வேண்டும். குகையில் தண்ணீர் இல்லை. ரங்கதுரை பக்கத்து ஓடைக்குப் போய், அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒரு முனிவரின் குடத்தைத் திருடி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்ணீரோடு வந்தார். மூவரும் கழுவினார்கள். கோகிலாமணி பந்தத்தைப் பற்றவைத்தாள்.

“வெளிச்சத்துல ஓர் அரக்கன் தெரியறான்” என்றது ஒலிபெருக்கி. “பெரிய அரக்கன். நாப்பது உயிர்ப்புள்ளி.”

கோகிலாமணியின் கை தானாகப் பகடையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினாள். புருசனின் பக்கம் பகடையைத் தள்ளிவிட்டாள்.

“நீங்க மொதல்ல.”

ஏழு மாதத்தில் அரக்கன் இருக்கும்போதே ஆறுச்சாமியின் கைக்குப் பகடை வந்தது அதுதான் முதல் தடவை. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “வாளை உருவறேன்” என்று முழுதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கணம் அந்த வாக்கியத்தை அனுபவித்தார். “உருவி, அவன் கழுத்துல ஒரு வெட்டு குடுக்கறேன்.”

ரங்கதுரை கையை உயர்த்தினார். “விளக்கு வெச்சாச்சுங்க அண்ணா.”

“அதனால?”

“விளக்கு வெச்சப்பறம் வெளியாளுக்கு இரும்பு குடுக்கக் கூடாது. வாள் இரும்பு. நீங்க குடுக்கறேன்னு சொன்னீங்க.”

“வெட்டைத்தானய்யா குடுக்கறேன்.”

“வெட்டோட இரும்பும் கூடப் போகுதுங்களே.”

“அவன் எப்படி வெளியாள்? அது அவன் குகை. நாமதான் வெளியாள்.”

நாச்சிமுத்து இதைக் கவனமாக யோசித்தார். ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. “விதி உங்க வீட்டு விதி. அதனால நீங்க வீட்டாளு. அவன் வெளியாளு.”

“சரி, குடுக்கல. எடுத்துக்கறேன். அவன் தலையை எடுக்கறேன். போதுமா?”

“விளக்கு வெச்ச நேரத்துல அடுத்தவங்க வீட்ல இருந்து ஒண்ணை எடுத்துட்டு வர்றதும் நல்லதில்லீங்க” என்றாள் கோகிலாமணி. சொன்ன பிறகு அவளுக்கே வருத்தமாகிவிட்டது. “வேணும்னா பந்தத்தை அணைச்சுடறேன். இருட்டுல வெட்டுங்க.”

அணைத்தாள். ஆறுச்சாமி உருட்டினார். பதினேழு விழுந்தது.

“நல்ல வெட்டு” என்றது ஒலிபெருக்கி. “ஆனா இருட்டுல யாருக்குன்னு தெரியல. பாறைக்கு ஏழு புள்ளி சேதம். இப்ப அரக்கன் முறை. அவனுக்கு இருட்டுல கண்ணு தெரியும்.”

அரக்கன் ஆறுச்சாமியை எடுத்து இரண்டு முறை சுவரில் அடித்தான். அறுபது உயிர்ப்புள்ளியில் ஐந்து மிஞ்சியது. அதற்கு மேல் கோகிலாமணியால் பொறுக்க முடியவில்லை.

“தீயுருண்டை” என்றாள். இருபது விழுந்தது.

ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு.

“இருங்க, இருங்க” என்றது ஒலிபெருக்கி. “மூணாவது வரி ஒண்ணு இருக்குதே. தபால், அதைப் படி.”

“மந்திரம் கால், மதி முக்கால்.”

“மந்திரம் கால்னா என்ன அர்த்தம்?”

“நாலுல ஒரு பங்குங்க” என்றார் ரங்கதுரை. “அரக்கன்ல கால் பங்கு எரியணும்.”

“எந்தக் கால் பங்கு? மேலயா, கீழயா?”

கோகிலாமணி யோசித்துச் சொன்னாள்: “கால்னா காலுதானுங்க. மந்திரம் கால்ல மட்டும் படும்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு இத்தனை கணக்கு?”

“அப்ப மதி முக்கால்?”

“மதின்னா நிலாவும்தானுங்க” என்றார் ரங்கதுரை. “முக்கால் நிலா.”

மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மதியம் மூன்று மணி. அந்தப் பொருள் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

“மதின்னா புத்தி” என்றார் நாச்சிமுத்து. “முக்கால்னா மூணு கால். அதாவது ஒரு கால் மந்திரத்துக்கு, மூணு கால் புத்திக்கு. மொத்தம் நாலு கால்.” ஒலிபெருக்கி ஒருமுறை செருமியது. “அரக்கனுக்கு நாலு கால். நீங்க அதை இப்பத்தான் கவனிக்கறீங்க.”

தீயுருண்டையில் ஒரு கால் எரிந்தது. அடுப்பு விதிப்படி கோகிலாமணி முனிவரின் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காலில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அரக்கன் நன்றி சொன்னான்.

“மிச்சம் மூணு கால் புத்திக்கு” என்றார் ஆறுச்சாமி. “அது சரி. வாளுக்கு எத்தனை?”

ரங்கதுரை காகிதத்தில் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். தந்தியில் துக்கச் செய்தி கொண்டுபோகும் முகத்தோடு நிமிர்ந்தார்.

“காலும் முக்காலும் சேர்ந்தா ஒண்ணுங்க அண்ணா. ஒண்ணுல ஒண்ணு போனா... வாளுக்கு ஒண்ணுமில்லீங்க.”

ஆறுச்சாமி பகடையை மேசை மேல் வைத்தார். வேடம் எழுதிய காகிதத்தை நான்காக மடிக்கத் தொடங்கினார். பாதி மடித்த கையைக் கோகிலாமணி பிடித்துக்கொண்டாள்.

“வாள் இல்லாட்டிப் போகுது. புத்தியால கொல்லுங்க.”

“என்கிட்ட எங்க இருக்குது?”

“இருக்கறதை எடுங்க. எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டேன்னு ஒரே பிடியா நின்னப்ப, ஒரு வருசம் தினமும் வந்து பேசியே சம்மதிக்க வெச்சீங்களே. அவரு இவனுக்கு மேல.”

“நான் பேசல கோகிலா. தினமும் சும்மா வந்து உக்காந்திருந்தேன். சோத்துச் செலவு தாங்காமக் குடுத்துட்டாரு.”

“அதுதான் புத்தி.”

ஆறுச்சாமி காகிதத்தைப் பிரித்தார். யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசிப்பதைப் பார்த்துப் பழக்கமில்லாததால் மற்றவர்கள் தொந்தரவு செய்யவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கி மட்டும் “அரக்கன் காத்துட்டிருக்கான்” என்றது. புறவழிச்சாலையில் ஒரு லாரி வேகம் குறைத்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். மேடை மேல் எடை நடந்துகொண்டிருப்பதைக் கண்டு ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தார்.

அரை மணி நேரம் கழித்து ஆறுச்சாமி எழுந்தார்.

“அரக்கா, ஒரு கேள்வி கேக்கறேன். பதில் தெரியாதவன் செத்தரணும். சம்மதமா?”

நாச்சிமுத்து புத்தகத்தில் தேடினார். தடை எதுவும் இல்லை. “சம்மதம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நான் மனசுக்குள்ள ஒரு லோடு தேங்காய் நெனைச்சிருக்கேன். அதுல எத்தனை காய் அழுகல்?”

ஒலிபெருக்கி வெகுநேரம் கரகரத்தது. தேங்காய் லோடுகளை எடை போட்டே வயதானவர் நாச்சிமுத்து. சுலபத்தில் விட மனமில்லை.

“மழைக்கு முன்னால வெட்டுன காயா, பின்னாலயா?”

“பின்னால.”

“தார்ப்பாய் போட்டு வந்துதா?”

“போடல.”

“எத்தனை நாள் ஓட்டம்?”

“மூணு நாள்.”

மறுபடியும் கரகரப்பு. வேர்க்க வேர்க்கக் கணக்குப் போடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கடைசியில் அரக்கன் கையை விரித்தான். “தெரியலீங்க மாப்ள. நீங்களே சொல்லிருங்க.”

ஆறுச்சாமி வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

“எத்தனைங்க அண்ணா?” என்றார் ரங்கதுரை, எழுதத் தயாராக.

“உரிச்சு ஒடச்சுப் பார்த்தாத்தானே தெரியும்.”

“அப்ப உங்களுக்கும் தெரியலீங்களா?”

“நெனைச்ச காயை எப்படிய்யா ஒடைக்கறது?”

ரங்கதுரை தான் எழுதியதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “பதில் தெரியாதவன் செத்தரணும். அவ்வளவுதான் இருக்குதுங்க. அரக்கன் மட்டும்னு நீங்க சொல்லல.”

கோகிலாமணி விதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் வழி இல்லை. அவள் எழுதிய விதியாக இருந்தால் அடித்துத் திருத்தியிருப்பாள். இது புருசன் போட்டது.

ஒலிபெருக்கி முறைப்படி அறிவித்தது. “கவனிக்கவும். அரக்கன் மூணு காலும் மடங்கி விழுந்து செத்தான். அதே நேரத்தில் தேங்காய்க் களம் ஆறுச்சாமி காலமானார்.”

ஆறுச்சாமி மெதுவாக உட்கார்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“மச்சான், அந்த அரக்கனைக் கொன்னது யாரு?”

“நீங்கதான். உங்க கேள்வியாலதான் செத்தான்.”

“அப்ப அந்தப் போர்வீரன்? அவனைக் கொன்னது?”

நாச்சிமுத்து புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. “அதே கேள்விதானே. அவனையும் நீங்கதான் கொன்னீங்க.”

“அப்ப ரெண்டு.”

“ரெண்டு.”

ஆறுச்சாமி மனைவியின் பக்கம் திரும்பினார். ஏழு மாதமாக இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார். கேட்கும்போது குரலில் கர்வம் வராமல் பார்த்துக்கொண்டார்.

“கோகிலா, இன்னைக்கு நீ எத்தனை?”

“ஒரு கால்” என்றாள் கோகிலாமணி.

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். இப்படி ஒரு சிரிப்பு கிடைக்குமென்றால் செத்துப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு.

ரங்கதுரைதான் கடமையை நினைவுபடுத்தினார். “செத்தவங்களை ரொம்ப நேரம் உக்கார வெக்கக் கூடாதுங்க. பொழுதோட வீட்டுக்குக் கொண்டு போயிரணும்.”

நாச்சிமுத்து அறையைப் பூட்டிவிட்டு, டிரைவர்கள் உட்காரும் நீள பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறுச்சாமி அதன் மேல் படுத்துப் பார்த்தார். பெஞ்சின் நான்கு காலையும் பிடிக்க நான்கு பேர் வேண்டும்.

“நாம மூணு பேருதான் இருக்கோம்” என்றார் நாச்சிமுத்து. அதிலும் அவருக்கு ஒரு தயக்கம். “கோகிலா, பொம்பளைங்க தோள் குடுக்கறது வழக்கமில்லையே.”

“முப்பத்தோரு அரக்கனைக் கொன்னவ, ஒரு புருசனைத் தூக்க மாட்டேனா?” என்று அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“இருந்தாலும் நாலாவது ஆள் வேணுமே. ஞாயித்துக்கெழமை ஆருங்க வருவா?” என்றார் ரங்கதுரை.

பெஞ்சின் மேல் படுத்திருந்த ஆறுச்சாமிக்கு, தன்னால் மூன்று பேர் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து இறங்கினார்.

“நான் ஒரு பக்கம் புடிச்சுக்கறேன்.”

நால்வரும் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். ஆறுச்சாமி முன்பக்கம் வலது காலைப் பிடித்திருந்தார். வாசலுக்கு வந்தபோது, காத்திருந்த லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டிருந்தார். அவசரமாகக் கீழே குதித்தார்.

“யாருங்க தவறுனது?”

“நான்தானுங்க” என்றார் ஆறுச்சாமி, தோளை மாற்றிக்கொண்டே.

டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். “எப்பங்க ஆச்சு?”

“இப்பத்தானுங்க. ஒரு பத்து நிமிசம் இருக்கும்.”

டிரைவர் காலியான பெஞ்சைப் பார்த்தார். ஆறுச்சாமியைப் பார்த்தார். “பாவம், பார்த்தா நல்ல மனுசனாட்டத் தெரியுது” என்று சொல்லிவிட்டு, லாரியைப் பின்னால் எடுத்து வழி விட்டார்.